ஃபிலிம் கிரெய்னும் டிவி ஒளிபரப்பும்: ஸ்கேனிங்கிலிருந்து செட்டாப் பாக்ஸ் வரை ஒரு முழு வழிகாட்டி

ஃபிலிமில் எடுத்த பழைய படம் ஒன்று டிவியில் ஓடுகிறது. குளோசப்பில் நடிகரின் முகம் வழவழவென்று இருக்கிறது; ஒரு சுருக்கம்கூடத் தெரியவில்லை. அடுத்த ஷாட்டில் வானம் கட்டம் கட்டமாக உடைகிறது. இருட்டுக் காட்சி வந்ததும் சுவரெல்லாம் நெளிகிறது. ‘பழைய பிரிண்ட், அப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பல நேரம் பிரிண்ட் மேல் பழியே இல்லை. நெகட்டிவில் அந்த முகம் நல்ல தெளிவோடு இருந்திருக்கும். ஸ்கேன் செய்த இடத்திலோ, ‘சுத்தம்’ செய்த இடத்திலோ, படத்தைச் சுருக்கி அனுப்பும் என்கோடரிலோ, கடைசியில் நம் வீட்டு டிவி மெனுவிலோ அது தொலைந்திருக்கும்.

சேனலுக்குப் படம் தயார் செய்கிறவர்கள், கையில் பழைய படங்களின் உரிமை வைத்திருந்து அவற்றை டிஜிட்டலாக்க நினைப்பவர்கள், 16 மிமீ ஃபிலிமில் இன்றும் படமெடுக்கிறவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கடைசிப் பகுதி வீட்டில் பார்ப்பவர்களுக்கு. இந்தச் சிக்கலின் மையத்தில் இருப்பது கிரெய்ன், அதாவது ஃபிலிமுக்கே உரிய ஆடும் சொரசொரப்பு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாஸ்டரில் (பத்திரப்படுத்தும் மூலப் பிரதியில்) கிரெய்னைத் தொடக் கூடாது. ஒளிபரப்புக்கென்று தனியாக ஒரு பிரதி எடுத்து, அதற்கு எவ்வளவு பிட்ரேட் (நொடிக்கு அனுப்பக்கூடிய தரவின் அளவு) கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு, அந்த அளவுக்கு மட்டும் குறைக்க வேண்டும்.

கிரெய்ன் எங்கிருந்து வருகிறது

ஃபிலிமின் மேல் வெள்ளி ஹாலைடு படிகங்களை ஜெலட்டினில் கலந்து பூசியிருப்பார்கள். ஒளி பட்ட படிகங்கள் டெவலப்பரில் உலோக வெள்ளியாக மாறும். கறுப்பு வெள்ளைப் படத்தில் நாம் பார்ப்பது அந்த வெள்ளியைத்தான். கலர் நெகட்டிவில் வெள்ளியை பிளீச் செய்து எடுத்துவிடுவார்கள். அது இருந்த இடத்தைச் சுற்றி உருவான சாயத் திட்டுகள் மிஞ்சும். இந்தப் படிகங்களோ திட்டுகளோ ஒவ்வொன்றாக நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவை பல அடுக்குகளில் விழுந்து சில இடங்களில் கூடியும் சில இடங்களில் குறைந்தும் இருப்பதால் வரும் சொரசொரப்பைத்தான் கிரெய்ன் என்கிறோம்.

இதில் நினைவில் வைக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு ஃபிரேமும் ஃபிலிமின் வேறொரு துண்டு. ஆகவே கிரெய்னின் அமைப்பு நொடிக்கு 24 முறை முழுவதுமாக மாறிவிடும். நம் கண் அடுத்தடுத்த ஃபிரேம்களைச் சேர்த்துப் பார்ப்பதால் ஓடும் படத்தில் கிரெய்ன் மெல்லியதாகத் தெரியும். அதே படத்தை பாஸ் செய்தால் திடீரென்று கரடுமுரடாகத் தெரியும். பாஸ் செய்த ஃபிரேமை வைத்து ‘கிரெய்ன் அதிகம்’ என்று யாரும் முடிவெடுக்கக் கூடாது.

எவ்வளவு தெரியும் என்பது ஃபிலிமின் வேகத்தையும் ஃபிரேமின் அளவையும் எக்ஸ்போஷரையும் பொறுத்தது. கோடாக்கின் 500T போன்ற வேக ஃபிலிமில் (குறைந்த ஒளியிலும் பதியக்கூடியது) படிகங்கள் பெரியவை, வேகம் குறைந்த 50D-யில் நுண்ணியவை. சூப்பர் 16 (16 மிமீ ஃபிலிமில் சற்று அகலமான ஃபிரேம்) 12.52 × 7.41 மிமீ. 35 மிமீ அகாடமி ஃபிரேம் சுமார் 21.95 × 16 மிமீ. பரப்பில் பார்த்தால் சூப்பர் 16, அதில் கால் பங்குக்குச் சற்று மேல். அதே டிவித் திரையை நிரப்ப அதை அவ்வளவு அதிகம் பெரிதாக்க வேண்டும். கிரெய்னும் கூடவே பெரிதாகும். குறைவாக எக்ஸ்போஸ் செய்த நெகட்டிவில் பெரிய, வேகமான படிகங்கள் மட்டுமே வேலை செய்திருக்கும். அதை ஈடுகட்ட லேபில் வெளிச்சத்தைத் தூக்கிக் கொடுத்தால் கிரெய்ன் கொதிக்கும்.

ஒளிபரப்பில் இது ஏன் இடிக்கிறது

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1920 × 1080 படம், நொடிக்கு 25 ஃபிரேம், 8 பிட், 4:2:0 (நிற விவரத்தைக் குறைத்துப் பதியும் முறை). சுருக்காமல் அனுப்பினால் நொடிக்கு ஏறக்குறைய 622 மெகாபிட். ஹெச்டி சேனலுக்கு 8 மெகாபிட் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 80-க்கு 1 என்று சுருக்க வேண்டும். எஸ்டி-யில், அதாவது பழைய சாதாரணத் தெளிவில், சுருக்காத அளவு 124 மெகாபிட். டிவிபி-எஸ் என்ற செயற்கைக்கோள் முறையில் 27.5 மெகாசிம்பல் வேகமும் 3/4 எஃப்இசி-யும் (நாலில் ஒரு பங்கு பிழை திருத்தத்துக்கு) உள்ள ஒரு டிரான்ஸ்பாண்டரில், அதாவது செயற்கைக்கோளின் ஒரு ஒளிபரப்புப் பாதையில், போவது மொத்தம் 38 மெகாபிட். அதில் 12 சேனல்களை ஏற்றினால் ஒன்றுக்கு 3 மெகாபிட் சொச்சம்தான்.

இவ்வளவு சுருக்க முடிவதற்குக் காரணம், அடுத்தடுத்த ஃபிரேம்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பது. சுருக்கும் முறை எம்பெக்-2 ஆகட்டும், ஹெச்.264 ஆகட்டும், என்கோடர் முந்தைய ஃபிரேமிலிருந்து இப்போதைய ஃபிரேமைக் கணித்துவிட்டு, கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அனுப்பும். அசையாத சுவருக்கு வித்தியாசம் பூஜ்யம், செலவே இல்லை. சுவரின் மேல் கிரெய்ன் ஆடினால் கணிப்பு ஒவ்வொரு ஃபிரேமிலும் தப்பும். இந்த ஃபிரேமின் கிரெய்னை வைத்து அடுத்த ஃபிரேமின் கிரெய்னைச் சொல்லவே முடியாது. அதனால் என்கோடர் அசையாத சுவருக்கும் பிட்களைக் கொட்ட வேண்டியதாகிறது. பிட் போதவில்லை என்றால் குவாண்டைசேஷனை, அதாவது விவரத்தைத் தோராயமாக்கும் அளவை, ஏற்றும். ஏற்றியதும் முதலில் அடிபடுவது நுண்விவரம். கிரெய்னும் போகும், கூடவே தோலின் இழையும் புடவையின் நெசவும் போகும். என்கோடருக்கு இரண்டும் ஒன்றுதான்.

திரையில் இதை மூன்று விதமாகப் பார்க்கலாம். முதலாவது, துடிப்பு. 25 ஃபிரேம் உள்ள நம் நாட்டு ஒளிபரப்பில் 12 ஃபிரேமுக்கு ஒரு ஐ-ஃபிரேம் (வேறெதிலிருந்தும் கணிக்காமல் முழுதாக அனுப்பும் ஃபிரேம்) வைப்பது பழைய வழக்கம். ஐ-ஃபிரேமில் கிரெய்ன் கூர்மையாக வரும், அடுத்த ஃபிரேம்களில் கரையும், அரை நொடி கழித்து மீண்டும் கூர்மையாகும். முகம் மூச்சு விடுவதைக் கவனித்துவிட்டீர்கள் என்றால் அப்புறம் வேறெதையும் பார்க்க முடியாது. இரண்டாவது, கட்டம். இதைத்தான் ‘பிக்சல் உடையுது’ என்கிறோம். மூன்றாவது பலருக்குத் தெரியாதது: உறைந்த கிரெய்ன். இருட்டுப் பகுதிகளில் ‘மாற்றமில்லை’ என்று என்கோடர் கட்டங்களைத் தாண்டிப் போய்விடும். ஐ-ஃபிரேமில் வந்த கிரெய்ன் அப்படியே திரையில் ஒட்டி நிற்க, ஆட்கள் அதற்குப் பின்னால் நடமாடுவார்கள். அழுக்குக் கண்ணாடி வழியாக அடுத்த அறையைப் பார்ப்பது போல் இருக்கும். என்னைக் கேட்டால் மூன்றில் இதுதான் மோசம். கிரெய்னுக்கு இருக்கும் உயிரே அது மாறிக்கொண்டிருப்பதில்தான் இருக்கிறது.

இது எவ்வளவு பெரிய தலைவலியாக இருந்தது என்பதற்கு பிபிசி ஒரு நல்ல உதாரணம். சூப்பர் 16 பல காலம் பிரிட்டிஷ் டிவி நாடகங்களின் அடிப்படை ஃபார்மட். 2006-இல் பிபிசி ஹெச்டி சோதனை ஒளிபரப்பைத் தொடங்கியபோது, சூப்பர் 16-இல் எடுத்ததை ஹெச்டி-யாக ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கிரெய்ன் ஒளிபரப்பு பிட்ரேட்டில் தாக்குப்பிடிக்காது என்பது காரணம். ஒளிப்பதிவாளர்களுக்கு இது பிடிக்கவில்லை. 2009-இல் புதிய என்கோடர்களை வைத்து அந்தச் சேனலின் பிட்ரேட்டை 16 மெகாபிட்டிலிருந்து 9.7-க்குக் குறைத்தபோது, படம் முன்பு போல் இல்லை என்று பார்வையாளர்களே புகார் செய்தார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் ஏஎம்சி சேனலில் ‘தி வாக்கிங் டெட்’ தொடங்கியது. சூப்பர் 16-இல் எடுத்து, கிரெய்னோடு ஹெச்டி-யில் ஒளிபரப்பினார்கள். ஒரே ஃபார்மட், இரண்டு முடிவுகள். பிபிசி-யின் பயம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அன்றைய என்கோடர்களில் அது நியாயமான பயம்தான். ஆனால் ஃபார்மட்டையே ஒதுக்கிவிடுவது தீர்வல்ல. செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன; அவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: கையில் இருப்பது கிரெய்ன்தானா?

திரையில் ஆடும் புள்ளியெல்லாம் கிரெய்ன் அல்ல. பழைய பீட்டா டேப்பிலிருந்து வந்ததில் நிறத்தில் கிடைமட்டக் கீற்றுகள் ஓடும். அது டேப் நாய்ஸ். டிஜிட்டல் கேமராவின் நாய்ஸ் இருட்டில்தான் குவியும். கிரெய்ன் நடுத்தர வெளிச்சத்தில், குறிப்பாகச் சாம்பல் நிற வானத்திலும் தோலிலும், நன்றாகத் தெரியும்.

எடிட்டிங் சாஃப்ட்வேரில் கோப்பைத் திறந்து 200 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். அசையாத ஒரு ஷாட்டை எடுத்து ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். கிரெய்ன் ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறினால் சரி. நான்கைந்து ஃபிரேம்களுக்கு அப்படியே நின்றுவிட்டு ஒரு குதி குதித்தால், இந்தக் கோப்பு ஏற்கெனவே எங்கேயோ மோசமாகச் சுருக்கப்பட்டது. எந்த ஃபில்டரும் அதை மீட்காது. வேறு மூலத்தைத் தேடுவதுதான் வழி.

அப்புறம் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். கலர் நெகட்டிவில் நீலச் சேனலில்தான் கிரெய்ன் மிக அதிகம். மூன்றிலும் ஒரே புள்ளிகள் ஒரே இடத்தில் இருந்தால் அது டிஜிட்டலாகப் பின்னால் சேர்த்த கிரெய்னாக இருக்கலாம், அல்லது கறுப்பு வெள்ளை மூலமாக இருக்கலாம். நீலத்தில் மட்டும் கொதிக்கிறது என்றால் பாதி வேலை சுலபம். அந்தச் சேனலை மட்டும் தணித்தால் போதும்.

படி 2: எத்தனையாவது பிரதி?

கேமரா நெகட்டிவ் கிடைத்தால் வேறெதையும் தேடாதீர்கள். அதிலிருந்து இண்டர்பாசிட்டிவ், டூப் நெகட்டிவ், ரிலீஸ் பிரிண்ட் என்று ஒவ்வொரு பிரதியிலும் புதிய ஃபிலிமின் கிரெய்ன் பழையதன் மேல் ஏறும், விவரம் குறையும். நமக்கு டிவி வழியாக வந்த பழைய தமிழ்ப் படங்கள் பலவும் தியேட்டரில் ஓடித் தேய்ந்த பிரிண்ட்டை டெலிசினியில் (ஃபிலிமை வீடியோவாக்கும் கருவி) போட்டு டேப்பில் ஏற்றியவை. அந்த டேப்பை இன்று ஹெச்டி-க்குப் பெரிதாக்கினால் கிரெய்னும் டேப் நாய்ஸும் கீறலும் சேர்ந்து பெரிதாகும். நெகட்டிவ் எந்த லேபில் இருக்கிறது என்று விசாரிக்க ஒரு வாரம் செலவானாலும் அது வீணாகாது.

நல்ல நெகட்டிவிலும் கிரெய்ன் ஒரே சீராக இருக்காது. டிஸால்வும் (ஒரு ஷாட் மங்கி அடுத்தது தோன்றுவது) டைட்டிலும் வரும் இடங்களைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் இவற்றை ஆப்டிகல் பிரிண்டரில் (ஃபிலிமை மறுபடி ஃபிலிமில் படமெடுக்கும் கருவி) செய்து, டூப் துண்டாக நெகட்டிவில் ஒட்டுவார்கள். பாட்டுக் காட்சியில் ஒரு ஷாட் சுத்தமாக இருக்கும். அடுத்த ஷாட் தொடங்கும்போதே கிரெய்ன் கூடி, நிறம் சற்று மங்கியிருக்கும். இரண்டு நொடி கழித்து டிஸால்வ் வரும். டிஸால்வ் வரப்போவதைக் கிரெய்னே முன்கூட்டிச் சொல்லிவிடும். இந்தத் துண்டுகளின் நேரத்தை இப்போதே குறித்து வையுங்கள். டிஸால்வே என்கோடருக்குக் கஷ்டம். அதன் மேல் இரட்டிப்புக் கிரெய்னும் சேர்ந்தால் முதலில் உடைவது இங்கேதான்.

சினிமாஸ்கோப் படம் என்றால் இன்னொன்று. நெகட்டிவில் அகலவாட்டில் பாதியாக நெருக்கிப் பதிந்த படத்தை விரிக்கும்போது கிரெய்னும் இரண்டு மடங்கு அகலமாகும். வட்டமான புள்ளிகள் படுக்கைக் கீற்றுகளாகத் தெரிவது அதனால்தான். போதாததற்கு, 2.35 அகலப் படத்தின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரக் கூடாது என்று 16:9-க்கு வெட்டினால் 1.32 மடங்கு பெரிதாக்க வேண்டியிருக்கும். பட்டையோடு போட்டால் முழு ஃபிரேமும் கிடைக்கும், கிரெய்னும் சிறிதாகும், கறுப்புப் பட்டைக்கு என்கோடர் கிட்டத்தட்ட பிட்டே செலவழிக்காது. மூன்று லாபம். சேனல்கள் இதை ஏன் யோசிக்க மாட்டேன் என்கின்றன என்று எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

படி 3: ஸ்கேன்

இங்கே செய்யும் தவறைப் பின்னால் திருத்த முடியாது.

35 மிமீ என்றால் 4கே, 16 மிமீ என்றால் குறைந்தது 2கே, 10 பிட் லாக் (நெகட்டிவின் இருட்டு, வெளிச்ச விவரத்தைக் காக்கும் பதிவு முறை) அல்லது 16 பிட். கடைசியில் எஸ்டி-யில்தானே போகப்போகிறது, எதற்கு 4கே என்று கேட்கலாம். கிரெய்னின் அளவுக்குப் போதாத ரெசல்யூஷனில் ஸ்கேன் செய்தால் நுண்ணிய கிரெய்ன் மடங்கி, உண்மையில் இல்லாத பெரிய கிரெய்னாகப் பதிவாகும். அதிக ரெசல்யூஷனில் எடுத்து, பிறகு நல்ல ஃபில்டரோடு சிறிதாக்கினால் பக்கத்துப் பிக்சல்கள் சராசரியாகி கிரெய்ன் தானாகவே அடங்கும். நாய்ஸ் ரிடக்‌ஷன் எதுவும் இல்லாமலே கிடைக்கும் நன்மை இது.

ஸ்கேனரின் விளக்கும் முக்கியம். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் உள்ள வெள்ளி ஒளியைச் சிதறடிக்கும். ஒரே திசையில் நேராக வரும் ஒளியில் கிரெய்னும் கீறலும் அழுத்தமாகத் தெரியும். பரவலான ஒளியில் மென்மையாகத் தெரியும். வசதி இருந்தால் வெட் கேட் கேளுங்கள். ஃபிலிமின் ஒளிவிலகல் எண்ணுக்கு நெருக்கமான திரவத்தில் மூழ்கடித்து ஸ்கேன் செய்வதால் அடிப்பாகக் கீறல்கள் மறைந்துவிடும். தூசியைக் கண்டுபிடிக்கும் இன்ஃப்ராரெட் வசதி கலர் ஃபிலிமுக்கு அருமையானது. கறுப்பு வெள்ளைக்குப் பயன்படாது. வெள்ளி இன்ஃப்ராரெட்டையும் மறைப்பதால் மொத்தப் படமும் தூசியாகத் தெரியும்.

ஸ்கேனரில் ஷார்ப்னஸ், கிரெய்ன் ரிடக்‌ஷன் என்று எது இருந்தாலும் அணைத்துவிடச் சொல்லுங்கள். எழுத்திலேயே சொல்லுங்கள். பல இடங்களில் ‘கஸ்டமருக்குப் பளிச்சென்று இருக்கட்டும்’ என்று இவற்றைப் போட்டே கொடுப்பது வழக்கம்.

படி 4: நாய்ஸ் ரிடக்‌ஷனுக்கு முன்னால்

ஆட்டம், மினுக்கு, தூசி ஆகிய மூன்றையும் முதலில் சரிசெய்யுங்கள். ஃபிலிமைப் பிடித்து நிறுத்தும் சட்டமான கேட்டில் படம் ஆடினால் ஒவ்வொரு ஃபிரேமும் அரைப் பிக்சல் நகரும். வெளிச்சம் மினுக்கினால் ஒவ்வொரு ஃபிரேமும் முந்தையதிலிருந்து மாறும். இரண்டும் என்கோடரின் கணிப்பைக் கெடுக்கும். இவற்றைச் சரிசெய்த பிறகு, கிரெய்னைத் தொடாமலே அதே பிட்ரேட்டில் படம் தெளிவாவதைப் பார்க்கலாம். கிரெய்ன் மேல் போடும் பழியில் ஒரு பங்கு இந்த ஆட்டத்துக்குச் சேர வேண்டியது. தூசி நீக்கும் கருவியைத் தானியங்கியாக விட்டால் மழைத்துளியையும் ஜரிகையின் மின்னலையும் தூசி என்று அழித்துவிடும். அந்த ஷாட்களைக் கையால் பாருங்கள்.

கலர் கிரேடிங்கில் இருட்டைத் தேவையில்லாமல் தூக்காதீர்கள். தூக்கினால் நிழலில் உள்ள கிரெய்னும் மேலே வரும்.

படி 5: குறைப்பது, அழிக்காமல்

இரண்டு வகை உண்டு. ஸ்பேஷியல் முறை ஒரே ஃபிரேமுக்குள் பக்கத்துப் பிக்சல்களைச் சராசரியாக்கும். மெழுகு முகம் இங்கேதான் பிறக்கிறது. டெம்போரல் முறை முந்தைய, பிந்தைய ஃபிரேம்களோடு ஒப்பிடும். மாறாமல் இருப்பது படம், மாறுவது கிரெய்ன் என்று பிரிக்கும். அசைவைக் கண்டுபிடித்து ஈடுசெய்யும் டெம்போரல் முறையைத்தான் முதலில் பயன்படுத்த வேண்டும். டாவின்சி ரிசால்வ் ஸ்டூடியோவிலும் நீட் வீடியோவிலும் இது இருக்கிறது.

செய்யும் வரிசை இது. டெம்போரலில் முன்னும் பின்னும் இரண்டு ஃபிரேம் போதும். நிறத்துக்கு அதிகமாகவும் வெளிச்சத்துக்குக் குறைவாகவும் போடுங்கள். நிறத்தில் உள்ள நுண்விவரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. 4:2:0-இல் அது எப்படியும் அகலத்திலும் உயரத்திலும் பாதியாகப் போகிறது. ஸ்பேஷியலை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். இப்படிச் சுத்தம் செய்த படத்தின் மேல், தொடாத மூலத்தை ஒரு பங்கு கலந்துவிடுங்கள். நான் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை கலப்பேன். ஹெச்டி-க்குக் கூடுதலாக, எஸ்டி-க்குக் குறைவாக.

எவ்வளவு போதும் என்று எப்படித் தெரியும்? கழித்துப் பாருங்கள். மூலப் படத்தையும் குறைத்த படத்தையும் டிஃபரன்ஸ் முறையில் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, வெளிச்சத்தை ஏற்றுங்கள். சீரான புள்ளிகள் மட்டும் தெரிந்தால் நீங்கள் எடுத்தது கிரெய்ன். அதில் மூக்கின் கோடு, புருவம், புடவைக் கரை என்று படம் தெரிய ஆரம்பித்தால் விவரத்தையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டீர்கள், பின்வாங்குங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்தாலே நாட்டில் பாதி மெழுகு முகங்கள் காணாமல் போகும்.

முழுவதும் அழித்தால் வேறொரு ஆபத்தும் உண்டு. 8 பிட் ஒளிபரப்பில் மாலை வானம் போன்ற மெதுவான நிற மாற்றம் படிப்படியாகப் பட்டை கட்டும். அந்தப் படிகளை மறைத்துக்கொண்டிருந்தது கிரெய்ன்தான். வானத்தைச் சுத்தம் செய்து பட்டையை வரவழைத்துவிட்டு, பட்டையை மறைக்க நாய்ஸ் சேர்க்கிறவர்களும் இருக்கிறார்கள்.

முன்பு குறித்து வைத்த ஆப்டிகல் துண்டுகளுக்கு மட்டும் தனி அளவு போடுங்கள். பக்கத்து ஷாட்டின் கிரெய்ன் அளவுக்கு வந்தால் போதும். அதற்குக் கீழே இறக்கினால் குதிப்பு மறுபக்கம் தெரியும்.

படி 6: என்கோடிங்

ஒரு கேள்விக்கு முதலில் பதில் வேண்டும்: நாய்ஸ் ரிடக்‌ஷனை யார் செய்வது? ஹெட்எண்டில் (சேனல்களைத் திரட்டி அனுப்பும் நிலையம்) உள்ள ஒளிபரப்பு என்கோடர்கள் பலவற்றில் உள்ளேயே ஒரு நாய்ஸ் ஃபில்டர் இருக்கும், இயல்பாகவே ஆன் நிலையில். நீங்கள் ஒருமுறை, என்கோடர் ஒருமுறை, வீட்டு டிவி ஒருமுறை என்று மூன்று முறை வழித்தெடுத்தால் மிஞ்சுவது பொம்மைதான். ஐந்தாம் படியை ஒழுங்காகச் செய்திருந்தால் என்கோடரில் அதை அணைக்கச் சொல்லுங்கள், அல்லது குறைந்த அளவில் வைக்கச் சொல்லுங்கள்.

கோப்பாக என்கோட் செய்து கொடுப்பதென்றால் எக்ஸ்264 என்ற ஹெச்.264 என்கோடரில் ‘கிரெய்ன்’ என்றே ஒரு டியூன் (முன்கூட்டியே செய்த அமைப்பு) இருக்கிறது. அது செய்வதைப் புரிந்துகொண்டால் மற்ற என்கோடர்களிலும் எதைத் தேட வேண்டும் என்று தெரியும். கட்டங்களின் விளிம்பை மழுக்கும் டீபிளாக்கிங்கை மைனஸ் 2-க்கு இறக்கும். ஐ-ஃபிரேமுக்கும், முந்தையதிலிருந்து கணிக்கும் பி-ஃபிரேமுக்கும் இடையேயுள்ள தர வித்தியாசத்தை 1.4-லிருந்து 1.1-க்குக் கொண்டுவரும், அரை நொடித் துடிப்புக்கு மருந்து இதுதான். சின்னச் சின்ன வித்தியாசங்களை ‘பூஜ்யம்’ என்று தூக்கி எறிவதையும் நிறுத்தும். உறைந்த கிரெய்ன் இதனால் குறையும். ஆனால் இதற்கெல்லாம் பிட்ரேட் வேண்டும். 3 மெகாபிட்டில் இந்த டியூனைப் போட்டால் படம் முன்பைவிட மோசமாக உடையும். பிட் இல்லாத இடத்தில் டீபிளாக்கிங்கைக் கொஞ்சம் விட்டுவைப்பதே நல்லது.

ஒரே டிரான்ஸ்பாண்டரில் பல சேனல்கள் பிட்களைப் பங்கு போட்டுக்கொள்ளும் ஸ்டாட்மக்ஸ் முறையில் இன்னொரு சிக்கல் உண்டு. பக்கத்துச் சேனலில் கிரிக்கெட் ஓடும்போது அது பிட்களை இழுத்துக்கொள்ளும். உங்கள் படத்துக்கு உறுதியாகக் கிடைக்கும் குறைந்தபட்ச அளவு என்ன என்று கேட்டு வாங்கி, அந்த அளவில் சோதித்துப் பாருங்கள், சராசரியை நம்பாதீர்கள்.

24 ஃபிரேம் படத்தை நம் ஊரில் 25-இல் ஓட்டுவது வழக்கம், அது பிரச்சினையில்லை. அமெரிக்க முறை டேப்பிலிருந்து மாற்றியதென்றால் இரண்டு ஃபிரேம்களின் கிரெய்ன் ஒன்றாகக் கலந்து பேய்ப் படமாக வரும். அப்படிப்பட்ட மூலத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

படி 7: சோதனை

படம் முழுவதையும் பார்க்க வேண்டியதில்லை. ஒரு டிஸால்வ், ஒரு மழை அல்லது புகைக் காட்சி, ஒரு இருட்டு அறை, வெறும் வானம், ஒரு மெதுவான குளோசப் என ஐந்து துண்டுகளைச் சேர்த்து ஒரு சோதனை ரீல் செய்யுங்கள். குறைக்காதது, லேசாகக் குறைத்தது, அதிகமாகக் குறைத்தது என மூன்று வகையையும் ஒரே பிட்ரேட்டில் என்கோட் செய்து பாருங்கள். எஸ்டி-யில் பெரும்பாலும் நடுவில் உள்ளது ஜெயிக்கும். நல்ல பிட்ரேட் உள்ள ஹெச்டி-யில் குறைக்காததே ஜெயிப்பதும் உண்டு.

மூலத்தோடு பிக்சல் பிக்சலாக ஒப்பிடும் பிஎஸ்என்ஆர் போன்ற எண்களை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இடம் மாறிய கிரெய்னைவிட மழுங்கிய சமதளத்துக்கு அது அதிக மதிப்பெண் கொடுக்கும். மெழுகு முகம்தான் முதல் பரிசு வாங்கும். கண்ணால் பாருங்கள். அதுவும் ஸ்டூடியோ மானிட்டரில் மட்டும் பார்த்தால் போதாது. ஒளிபரப்பான பிறகு சாதாரண செட்டாப் பாக்ஸ் வழியாக, வீட்டு டிவியில், வீட்டுத் தூரத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

கிரெய்னை அனுப்பாமலே காட்டுவது

இதற்கு வேறொரு வழியும் இருக்கிறது. கிரெய்னை எடுத்துவிட்டுச் சுத்தமான படத்தைச் சுருக்கி அனுப்புவது. கிரெய்ன் எவ்வளவு அழுத்தம், எவ்வளவு பெரிது, எந்த வெளிச்சத்தில் கூடும் என்ற விவரத்தை மட்டும் சில எண்களாகக் கூடவே அனுப்புவது. பார்ப்பவரின் டிகோடர் அந்த எண்களை வைத்துப் புதிதாகக் கிரெய்ன் செய்து மேலே தூவிவிடும். ஹெச்.264-இல் 2005 வாக்கிலேயே இதற்கு இடம் வைத்தார்கள். ஆனால் டிகோடர் அதைச் செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் பரவவில்லை. ஹெச்டி டிவிடி-யில் மட்டும் கட்டாயமாக்கினார்கள். அந்தத் தட்டே மறைந்துபோனது. 2018-இல் வந்த ஏவி1 என்ற சுருக்கும் முறையில் இது டிகோடரின் கட்டாயப் பகுதி. நெட்ஃபிளிக்ஸ் இதைப் பயன்படுத்துகிறது.

படம் பிடிக்கப்பட்டபோது இருந்த அதே கிரெய்ன் இல்லைதான். ஆனாலும் உறைந்துபோன உண்மைக் கிரெய்னைவிட ஆடும் செயற்கைக் கிரெய்ன் மேல் என்பது என் எண்ணம். நம் வீடுகளில் உள்ள எம்பெக்-2, ஹெச்.264 செட்டாப் பாக்ஸ்களில் ஓடும் ஒளிபரப்புக்கு இந்த வழி இல்லை. அங்கே மேலே சொன்ன படிகள்தான்.

படி 8: வீட்டு டிவியில்

ஷார்ப்னஸ் முதல் எதிரி. அதைக் குறைந்த அளவுக்கு இறக்குங்கள்; கிரெய்னுக்கும் கட்டங்களின் விளிம்புக்கும் அது கோடு போட்டுக் காட்டும். விவிட், டைனமிக் போன்ற பிக்சர் மோடுகளை விட்டு சினிமா மோடுக்கோ, 2019-இல் யுஹெச்டி அலையன்ஸ் அறிவித்த ஃபிலிம்மேக்கர் மோடு உங்கள் டிவியில் இருந்தால் அதற்கோ போங்கள். இடையிடையே புது ஃபிரேம்களைச் செருகும் மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள். கிரெய்ன் உள்ள படத்தில் அது அசைவைத் தப்பாகக் கணித்து முகத்தின் ஓரங்களை நெளியவைக்கும்.

நாய்ஸ் ரிடக்‌ஷன் என்று மெனுவில் இரண்டு இருக்கலாம். சாதாரண நாய்ஸ் ரிடக்‌ஷனை ஹெச்டி-க்கு அணைத்துவிடுங்கள். எம்பெக் நாய்ஸ் ரிடக்‌ஷன் என்பது கட்டங்களை மழுக்குவது. எஸ்டி சேனலில் பழைய படம் பார்க்கும்போது மட்டும் ‘லோ’-வில் வைத்துப் பாருங்கள். சில டிவிகளில் ஒவ்வொரு ஹெச்டிஎம்ஐ இணைப்புக்கும் தனித்தனி அமைப்பு இருக்கும் என்பதால், செட்டாப் பாக்ஸ் ஓடும் இணைப்பில் இருந்துகொண்டே இவற்றை மாற்றுங்கள்.

சரி, எல்லாம் செய்தும் 55 அங்குலத் திரையில் எஸ்டி சேனல் உடைகிறதா? சோபாவைப் பின்னால் தள்ளுங்கள். எஸ்டி படத்தை திரையின் உயரத்தைப் போல் ஆறு மடங்கு தூரத்திலிருந்து பார்க்கலாம். 55 அங்குல டிவிக்கு அது நாலு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அவ்வளவு இடம் இல்லையென்றால், அதே படம் ஹெச்டி சேனலில் எப்போது வருகிறது என்று பார்த்து வையுங்கள்.